பேஸ்மென்றில் ஒரு செய்திச் சஞ்சிகை

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டபோது சிகரெட் குடிப்பீர்களா, நாய் பூனை இருக்கிறதா, ராத்திரியில் சத்தம் வருமா என்றுதான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். செய்திச் சஞ்சிகை நடத்துவீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் என்கிற பகுதியில் எங்களுடையது பழைய வீடு. பக்கத்துக் கதவால் நிலத்துக்குக் கீழே இறங்கினால் பேஸ்மென்ற். பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று வெளிக்கிட்ட பிறகு கீழே சும்மா கிடந்தது. ஆட்களை வைப்போம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இழுத்தடித்தேன். கடைசியில் பர்மாவிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விட்டோம். இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சிறிய அப்பார்ட்மென்றில் நெருக்குப்பட்டு இருந்துவிட்டு வந்தவர்கள். என்ன வேலை என்று கேட்டதற்கு, வீட்டிலிருந்தே செய்கிற கம்பியூட்டர் வேலை என்றார்கள். இந்தக் காலத்தில் பாதி ரொறன்ரோ அந்த வேலைதான் செய்கிறது.

பார்த்ததும் பிடித்துப்போயிற்று. செருப்பைக் கதவடியில் கழற்றிவிட்டு வந்தார்கள். முதல் மாத வாடகையைத் தரும்போது அந்தப் பெண் வலக்கையால் நீட்டி, இடக்கையால் தன் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். அது அவர்கள் ஊர் மரியாதையாம். "எங்கட ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு," என்றார் இவர். கீழேயிருந்து சில நாட்களில் மீன் சாந்து வதக்குகிற மணம் ஏறி வரும். அதற்கு முகம் சுளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கருவாடு பொரிக்கிற வீடுதானே இது.

நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில். இரண்டு பக்கத்து இங்கிலீஷும் ஓட்டை. இங்கே எழுதும்போது என் பேச்சு என் வாய்த் தமிழாக வருகிறது, அவளுடையது கொஞ்சம் திருத்தமாக வருகிறது. உண்மையில் அவளும் என்னைப் போலத் தடுமாறித்தான் பேசுவாள்.

விஷயம் தெரிந்தது வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பழுதான அன்று. திருத்துகிறவனைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். அவன் ஃபேர்னஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் சும்மா திரும்பினேன். சுவரோரம் மேசையில் இரண்டு பெரிய திரைகள். ஒன்றில் வட்ட வட்டமான அவர்களுடைய எழுத்தில் பக்கம் பக்கமாக ஏதோ இருந்தது. மற்றதில் ஒரு படம். எரிந்த வீடு, அதற்கு முன்னால் துவக்கோடு ஆமிக்காரர்கள்.

அவள் ஒளிக்கவில்லை. திருத்துகிறவன் போனபிறகு என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவளும் கணவனும் தங்கள் நாட்டில் ஒரு செய்திச் சஞ்சிகை நடத்தியவர்கள். இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. கூட வேலை செய்தவர்களில் சிலர் சிறையில், சிலர் தாய்லாந்து எல்லையில், சிலர் நாட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்து செய்தி அனுப்புகிறார்கள். அதை இவர்கள் இங்கிருந்து சரிபார்த்து, திருத்தி, பக்கம் கட்டி வெளியிடுகிறார்கள். இணையத்தில் வருவதைவிட, ஒரு போனிலிருந்து மறு போனுக்குப் போவதுதான் கூடவாம். போனில் அதை வைத்திருந்து பிடிபட்டால் சிறைதான். ஒரு செய்தியை இரண்டு வெவ்வேறு ஆட்கள் உறுதிப்படுத்தாமல் போடமாட்டார்கள் என்று அவள் சொன்னபோது அவளுடைய குரலில் ஒரு கர்வம் இருந்தது.

"முதலே சொல்லியிருக்க வேண்டும், அக்கா. சொன்னால் வீடு தரமாட்டீர்கள் என்று பயந்தோம்," என்றாள்.

தந்திருக்க மாட்டேன்தான். மேலே வந்து, ஊறப்போட்ட உளுந்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

நான் பயந்த பிறவி. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கனடாவுக்கு வருவதற்கு முன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறையெடுத்து விசாவுக்காகக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்குகிறவர்களைப் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. வீட்டுக்கார அன்ரி பதிந்துதான் வைத்திருந்தா. ஆனாலும் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பா. அவவின் அந்த விரல் இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒருநாள் பொலிஸ்காரர்கள் வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை, அன்ரியின் மகனைத்தான் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அன்றைக்குப் பிறகு அன்ரி என்னோடு ஒரு கோபமும் காட்டவில்லை. சாப்பாடுதான் கூடியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ரொறன்ரோவில், சொந்த வீட்டில், நான் ஜன்னல் பிளைன்ட்ஸை ஒரு விரலால் விலக்கிப் பார்க்கத் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் கார் நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். கீழேயுள்ளவளுக்குச் சில நாட்களில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வரும், எடுத்தால் மறுபக்கத்தில் யாரும் பேசமாட்டார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். அவளுடைய தங்கையின் வீட்டை அங்கே இராணுவம் சீல் வைத்துவிட்டது என்றும் சொன்னாள். அவள் எனக்கு எதையும் ஒளிக்கக் கூடாதென்று முடிவெடுத்தது என் உயிரை எடுத்தது. ஒருநாள் வேலையால் வந்து கோட்டைக் கழற்றுகிறேன், நடைபாதையில் ஒருத்தன் நின்று போனால் எங்கள் வீட்டைப் படம் எடுக்கிறான். எடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான்.

"ரியல் எஸ்டேட்காரனாயிருக்கும்," என்றார் இவர். "எங்கட ஆக்களில பாதிப்பேர் உந்த வேலைதானே. நாளைக்கு வந்து வீட்டை விக்கப் போறீங்களோ எண்டு கேப்பான், பாரும்."

"வெள்ளைக் கார். முகம் தெரியேல்ல."

"வெள்ளைக் கார் வைச்சிருக்கிறவன் எல்லாம் சி.ஐ.டி. எண்டா நானும் சி.ஐ.டி.தான்."

இவருக்கு எல்லாம் பகிடி. அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அடுத்த நாளும் வரவில்லை, வீடு விற்கிறீர்களா என்றும் கேட்கவில்லை.

அவர்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்வதென்று முடிவெடுத்தேன். ஆனால் ஒரு வீட்டில் இருக்கிற ஆட்களை எழும்பச் சொல்ல வெறுங்கையோடு போகலாமா? மீன் குழம்பும் புட்டும் அவித்துக்கொண்டு இறங்கினேன். கதவைத் திறந்து, அவள் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொன்னாள். கண்களுக்குக் கீழே கருவளையம். தலையிலிருந்த ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியிருந்தது. "சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன். அடுத்த முறை கட்டாயம் சொல்லுவேன் என்று றால் பொரியலோடு போனேன். அதற்கடுத்த முறை இடியப்பமும் சொதியும். இவர் மேசையில் இருந்துகொண்டு, "எனக்கும் ஏதும் மிச்சம் இருக்கோ, இல்லாட்டி நானும் கீழ குடியிருக்கப் போகட்டோ?" என்று கேட்டார்.

பயம் கூடக் கூட என் சமையல் கூடியது. அந்தக் குளிர்காலத்தில் நான் கீழே அனுப்பிய சாப்பாட்டை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. ஒவ்வொரு தட்டை மூடும்போதும், கடவுளே இவர்கள் தாங்களாகவே எழும்பிப் போய்விட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் மூடினேன்.

உள்ளேயிருந்து செய்தி அனுப்புகிறவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி அவள் அடிக்கடி பேசுவாள். பெயர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், தனி ஆள். ஏதோ ஒரு நகரத்தில் ஒரு விதவையின் வீட்டு மாடியில் ஒளிந்திருந்தாள். அந்த விதவை தையல்காரி, சொந்தமும் இல்லை, முன்பின் தெரிந்தவளும் இல்லை. யாரோ கேட்டதற்காக வைத்திருக்கிறாள். அந்த நாட்டில் வீட்டில் ஒரு இரவு விருந்தாளி தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டுமாம். பதியாமல் வைத்திருப்பதும், இருப்பதும் குற்றம். திடீரென்று வந்து வீடு வீடாகப் பார்ப்பார்கள். வெள்ளவத்தையைக் கொண்டுபோய் அங்கே வைத்தது போல இருந்தது எனக்கு.

அந்தப் பெண் தினமும் தங்கள் ஊர்க் காலையில் ஒரு படம் அனுப்புவாள். நமக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம். இலங்கை நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டினால் அவர்களுடைய நேரம் வந்துவிடும் என்பதால் எனக்குக் கணக்குச் சிரமம் இல்லை. படத்தில் ஒரு தேநீர்க் கோப்பை இருக்கும். நிமிர்ந்திருந்தால் சுகம். கவிழ்ந்திருந்தால், இங்கே இருக்க முடியாது, என்னை எடுங்கள் என்று அர்த்தம். அவளை இடம் மாற்றுகிற ஆட்கள் எல்லைப் பக்கம் ஆயத்தமாக இருந்தார்கள். கோப்பை ஒருநாளும் கவிழவில்லை.

ஒரு மாலை. வெறும் தட்டுகளைத் திருப்பித் தர அவள் மேலே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கையில் போன். அப்போதுதான் படம் வந்திருக்கிறது.

"கோப்பை நிமிர்ந்துதான் இருக்கிறது, அக்கா. அவள் எழுதியதைக் கேளுங்கள். வீட்டுக்கார அக்கா அவளை நன்றாகக் கவனிக்கிறாளாம். முன்பு ஒரு கறி, இப்போது மூன்று கறி வைக்கிறாளாம். நேற்று இனிப்பும் செய்தாளாம். நான் கொழுத்துவிட்டேன், பார்த்தால் அடையாளம் தெரியாது என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் எல்லோரும் குளிரில் கவனமாக இருங்கள், என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறாள்."

நான் சிங்க்கில் கையை வைத்தபடி நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், என் வீட்டை ஒருவன் படம் எடுத்த அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

"அவளை அங்கையிருந்து எடுங்கோ," என்றேன். "இண்டைக்கே எடுங்கோ."

அவளுக்கு விளங்கவில்லை. "ஏன்? நல்லாயிருக்கிறாள் என்றுதானே..."

"வீட்டுக்காரி பயந்துபோனாள். ஏதோ நடந்திருக்கு. ஆரோ வந்து கேட்டிருக்கினம், இல்லாட்டி பக்கத்து வீட்டைப் பாத்திட்டாங்கள். போ எண்டு சொல்ல வாய் வராமச் சமைக்கிறாள்."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

எனக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்குச் சொல்வதைவிட ஐந்தாம் மாடியிலிருந்து குதித்திருக்கலாம். அவள் கையில் என் தட்டுகள். கழுவித் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறாள். பொய் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, ஆனால் பொய்யை அவள் நம்பமாட்டாள், அந்தப் பெண்ணை எடுக்கமாட்டாள்.

"ஏனெண்டா நானும் அப்பிடித்தான்," என்றேன். "உங்களை எழும்பச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் கீழ வாறனான். சொல்லேலாமச் சாப்பாட்டைத் தந்திட்டு வாறன். இந்தத் தட்டெல்லாம் அதுதான். வெள்ளவத்தையில எனக்கு அறை தந்த அன்ரியும் இப்பிடித்தான் சமைச்சவ. வீட்டைச் சோதிச்ச பிறகுதான் மூண்டு கறி வைச்சவ. நான் அம்மாவோட போனில கதைக்கேக்க, அன்ரி நல்லாச் சமைச்சுப் போடுறா எண்டுதான் சொன்னனான். சோதிச்சதைச் சொல்லேல்ல."

அவள் தட்டுகளை மெதுவாக மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. இவர் வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

"எங்களுக்குத் தெரியும், அக்கா," என்றாள் அவள். "இரண்டு வாரமாக வேறு இடம் பார்க்கிறோம். உங்களுக்குச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை."

பிறகு கதிரையை இழுத்து இருந்தாள். அவர்களிடம் 'ஆநாடே' என்று ஒரு சொல் இருக்கிறதாம். மற்றவரைச் சிரமப்படுத்த மனம் கூசுகிற கூச்சம். பசித்தாலும் வேண்டாம் என்பது, வலித்தாலும் சுகம் என்பது, எல்லாம் அதுதான். நாங்கள் கரைச்சல் குடுக்கக் கூடாது என்று சொல்வதைப் போல, ஆனால் இன்னும் பத்து மடங்கு. அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்காரி பயந்தது தெரிந்திருக்கும். ஆனால் திடீரென்று வெளிக்கிட்டால் வீட்டுக்காரி மனம் நோவாள், என்னில் என்ன குறை கண்டாள் என்று நினைப்பாள். கோப்பையைக் கவிழ்த்தால் எல்லையில் இருக்கிறவர்கள் தனக்காக அலைவார்கள், இங்கே இவர்கள் நித்திரை கொள்ளமாட்டார்கள். வீட்டுக்காரிக்கோ, வந்தவளைப் போ என்று சொல்ல மனம் கூச்சம். ஒருத்தி சமைக்கிறாள், மற்றவள் சாப்பிடுகிறாள். வாசலில் ஆமி நிற்கும்வரை இரண்டு பேரும் மரியாதை காட்டிக்கொண்டு இருப்பார்கள்.

"வா என்றால் வரமாட்டாள்," என்று அவள் தலையில் கையை வைத்தாள். "ஒன்றுமில்லை, வசதியாக இருக்கிறேன் என்பாள். அவளை எனக்குத் தெரியும்."

அவளுடைய கணவன் மேலே வந்தான். அவன் அதிகம் பேசாதவன். விஷயத்தைக் கேட்டதும், "தனக்காக வரமாட்டாள். வேறு யாருக்காவது என்றால் உடனே வருவாள்," என்றான்.

என் சமையலறை மேசையில்தான் அது நடந்தது. எல்லையில் ஒரு சிறு நகரத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரியின் தாய் தனியாக இருந்தா. எழுபது வயது, கல்லுப் போன்ற மனுஷி. அந்தத் தாய் குளியலறையில் விழுந்துவிட்டா, பார்க்க ஆளில்லை, உன்னைத் தவிர யாரையும் நம்பி விடமுடியாது, தயவுசெய்து போ என்று அவள் எழுதினாள். எழுதி முடித்து அனுப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு ஆட்கள் உறுதிப்படுத்தாமல் ஒரு வரி போடாதவள் வாழ்க்கையில் முதல்முதலாகப் பொய்ச் செய்தி எழுதியிருக்கிறாள். கணவன்தான் எட்டி அதை அழுத்தி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. கோப்பைப் படம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. உங்கள் அம்மாவிடம் இப்போதே வெளிக்கிடுகிறேன் என்ற ஒரே வரி.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. வழியில் சோதனைச் சாவடிகள் இருந்தால் போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், அதனால் போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு, அணைத்து வைத்துத்தான் பயணம் செய்வாளாம். அது எனக்கு விளங்கியது. விளங்கினால் பயம் போய்விடுமா? அடுத்த நாள் மாலை நான் தட்டு ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கினேன். அவள் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். போன் மேசை நடுவில் கிடந்தது. ஃபேர்னஸ் உறுமத் தொடங்கும்போதெல்லாம் நான் போனைத் தொட்டுப் பார்த்தேன்.

நான்தானே எடுங்கோ எண்டு சொன்னது. இருந்த இடத்தில் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். தையல்காரிக்கு உண்மையிலேயே அவளில் பாசமாகக்கூட இருக்கலாம். என் பயத்தைக் கொண்டுபோய் யாரோ ஒருத்தியின் தலையில் கட்டி, அவளைத் தெருவில் இறக்கிவிட்டேனோ என்று நினைத்தேன். வழியில் பிடிபட்டால்? அதற்கு மேலே நினைக்க முடியவில்லை. நர்சிங் ஹோமில் எனக்கு வேலை சமையல்கட்டில். அந்த நாட்களில் கஞ்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மாலையும் இல்லை. இவர் கீழே வந்து எங்களோடு இருந்தார். "சாப்பிட்டுப் போட்டு இருங்கோ" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் எழும்பவில்லை. தானே மேலே போய்ப் பாண் வாட்டிக் கொண்டுவந்தார். கருகிப்போயிருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

படம் வந்தது அடுத்த நாள். நான் வேலையால் வந்து பக்கத்துக் கதவைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அவள் கத்துகிற சத்தம் கேட்டது. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன். படத்தில் கோப்பை இல்லை. எல்லை நகரத்துத் தாய் இரண்டு காலிலும் உறுதியாக நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கமராவை முறைத்துக்கொண்டிருந்தா. நான் விழுந்தேன் என்று யார் சொன்னது என்று கேட்கிறாவாம். நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, சிரித்து, பிறகு அவள் அழுது, நானும் அழுது, என்னத்துக்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதோம்.

அன்றைக்கே சொன்னேன். "வேற இடம் ஒண்டும் பாக்க வேண்டாம். எனக்குப் பயம்தான். அது போகாது. பயமெண்டா இனி வாயால சொல்லுறன், நீங்களும் சொல்லுங்கோ. இஞ்சயே இருங்கோ."

"சமையல்?" என்று கேட்டாள் அவள்.

"அது அரைவாசி ஆகும்," என்றார் இவர், பின்னால் நின்று.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேலே வந்தாள். கதவடியில் நின்றாள், உள்ளே வரவில்லை. தையல்காரியை ஆமிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொன்னது. இவர்கள் வழக்கம்போல இன்னொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திவிட்டார்கள். முன்னரே அந்தத் தெருவில் வந்து விசாரித்திருக்கிறார்கள். அது நடந்தது எந்த வாரம் என்று கேட்டேன். மூன்று கறி தொடங்கின வாரம். பெண் வெளிக்கிடும்போது நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். தைக்கத் தந்த துணிகள் ஊராருடையவை, கொடுத்து முடிக்காமல் எப்படி வருவது என்று தையல்காரி சொல்லிவிட்டாளாம். மாடியில் யாரோ இருந்த தடயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவ்வளவு நாளும் ஒரு வீட்டுக்காரியாக இருந்துகொண்டு, என் கதவை, என் ஜன்னலை, என் தெருவைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேன். இங்கே யாரும் வரவில்லை. வந்தது அந்தத் தையல்காரியின் கதவுக்கு.

"மாடியில் ஒளிந்திருந்தவள் உங்களோடு பேச வேண்டும் என்கிறாள்," என்றாள். "ஒரு கேள்வி இருக்கிறதாம். வீட்டுக்கார அக்கா பயந்ததை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேட்டாள். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன்."

கீழே போய் இருந்தோம். போனில் குரல் மட்டும்தான். நான் நினைத்ததைவிடத் தடித்த, அமைதியான குரல். முதலில் எனக்கு வணக்கம் சொன்னாள், உங்களுக்குக் கரைச்சல் தந்ததற்கு மன்னிக்கவும் என்றாள். பிறகு நீளமாக ஏதோ கேட்டாள். கீழ்வீட்டுக்காரி உடனே மொழிபெயர்க்கவில்லை.

"அந்த அக்கா என்னை வெறுத்தாளா என்று கேட்கிறாள். சமைக்கும்போது மனதுக்குள் என்ன நினைத்திருப்பாள் என்று உங்களைத்தான் கேட்க முடியுமாம். உண்மையைச் சொல்லுங்கள், அக்கா. பொய் சொல்லித்தான் அவளை அழைத்தோம், இன்னொரு பொய் அவளுக்கு வேண்டாம்."

என்ன சொல்வது? இல்லையம்மா, உன்னில் பாசம்தான் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"ஓம், திட்டியிருப்பாள்," என்றேன். "சட்டியைக் கிளறக் கிளற, எப்ப போவாள் இவள், எப்ப என்ர வீட்டை விட்டுப் போவாள் எண்டு நினைச்சிருப்பாள். பிறகு சோறு போடேக்க நல்ல துண்டைப் பாத்து உனக்குத்தான் வைச்சிருப்பாள். ரெண்டும் உண்மை. ஒண்டை மற்றது அழிக்கேல்ல. எனக்குத் தெரியும்."

அவள் அதை மொழிபெயர்த்தாள். பிறகு அந்தக் குரல் சொன்னது, மீன் வைக்கிற நாட்களில் வால் துண்டை அந்த அக்கா எடுத்துக்கொள்வாள், நடுத்துண்டு எப்போதும் தன் தட்டில்தான் இருக்கும் என்று. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

சிறையில் அவளுக்குச் சாப்பாடு கொடுப்பார்களா என்று கேட்டேன். கொடுப்பார்கள், மனிதர் தின்ன முடியாது என்றாள் கீழ்வீட்டுக்காரி. வெளியே இருந்து சொந்தக்காரர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஆள் தப்பும். ஆனால் கொண்டுபோகிறவரையும் குறித்துக்கொள்வார்கள். தையல்காரிக்குப் பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை.

"அப்ப ஆர் கொண்டுபோறது?" என்று கேட்டேன்.

கீழ்வீட்டுக்காரி அதைப் போனில் கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்தவளும் அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டாள்.